சமமான மேப் எப்படி உருவாகிறது? ஸ்ட்ராட்டஜி கேமுக்கு உலக வரைபடம் வரைய நினைப்பவர்களுக்கு ஓர் அறிமுகம்

சிவிலைசேஷன், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மாதிரி ஸ்ட்ராட்டஜி கேம் ஆடுகிறவர்களில் பலருக்கு என்றாவது ஒருநாள் சொந்தமாக ஒரு மேப் வரைந்து பார்த்தால் என்ன என்று தோன்றும். அதற்கான எடிட்டர், அதாவது மேப் வரையும் கருவி, பெரும்பாலும் கேமுடனேயே வந்துவிடுகிறது. 1998-ல் வந்த ஸ்டார்கிராஃப்டிலும், அடுத்த ஆண்டு வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-லும் அது இருந்தது. 2002-ல் வந்த வார்கிராஃப்ட் 3-ன் எடிட்டரை வைத்து ரசிகர்கள் செய்த மேப்பிலிருந்துதான் டோட்டா என்ற விளையாட்டே பிறந்தது. ஆக, கருவிக்குப் பஞ்சமில்லை. மேப்பை நாலு பேர் ஆடிவிட்டு "பேலன்ஸ் சரியில்லை" என்று சொன்ன பிறகு என்ன செய்வது என்பதில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். இதைப் பற்றிய பேச்சில் பாதிக்கு மேல் குழப்பமாகவே இருப்பதால், அடிப்படையிலிருந்து சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

## சமம் வேறு, சமச்சீர் வேறு

சமமான மேப் என்றதும் பலர் மனதில் வருவது சமச்சீரான மேப். நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்த வேண்டும், அங்கே ஒரு மலை இருந்தால் இங்கேயும் ஒரு மலை இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

400 மீட்டர் ஓட்டப் பந்தயம் தொடங்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ஓடுபவர்கள் ஒரே கோட்டில் நிற்பதில்லை. எட்டாவது பாதையில் நிற்பவர் முதல் பாதையில் நிற்பவரைவிட 50 மீட்டருக்கு மேல் முன்னால் நிற்பார். விவரம் தெரியாமல் பார்ப்பவருக்கு அது அநியாயமாகப் படும். ஆனால் வளைவில் வெளிப்பாதையின் சுற்று பெரியது, அதனால் அந்த இடைவெளியை விட்டால்தான் எல்லோரும் ஓடும் தூரம் ஒன்றாகும். கண்ணுக்கு அழகாக எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் பந்தயம் கெட்டுப்போகும்.

மேப்பும் அப்படித்தான். ஒவ்வொரு ஆட்டக்காரரும் முதல் டர்னில், அதாவது தன் முதல் முறையில், இருக்கும் இடத்தைத் தொடக்க இடம் என்கிறோம். ஒரே திறமை உள்ளவர்களை எந்தத் தொடக்க இடத்தில் உட்கார வைத்தாலும், பல ஆட்டங்கள் ஆடிப் பார்க்கும்போது அவர்கள் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அந்த மேப்பில் சமநிலை இருக்கிறது. இந்த வரையறையில் மலையும் இல்லை, மடிப்பும் இல்லை. படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் சமநிலை கண்ணில் படாது, ஆட்டம் நடந்தால்தான் அது வெளியே வரும். இந்த ஒன்று மட்டும் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

## சமச்சீரே ஏமாற்றும் ஓர் இடம்

இதை நம்பாதவர்களுக்காக ஓர் உதாரணம். நான்கு தொடக்க இடங்கள் உள்ள ஒரு சதுர மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் நான்கு தளங்கள். ஒரு கால்பகுதியை வரைந்து அதையே சுழற்றிச் சுழற்றி மற்ற மூன்றையும் உருவாக்கியிருக்கிறீர்கள், அதனால் ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் அடுத்ததாகப் பிடிக்க வேண்டிய தங்கச் சுரங்கம், கடிகார முள் சுற்றும் திசையில் பக்கத்தில் இருக்கிறது.

இப்போது அந்த மேப்பில் இருவர் மட்டும் ஆடுகிறார்கள். ஒருவருக்கு 12, இன்னொருவருக்கு 3 கிடைக்கிறது. 12-ல் இருப்பவரின் சுரங்கம் எங்கே? 3-ல் இருக்கும் எதிரியை நோக்கிய பக்கத்தில். 3-ல் இருப்பவரின் சுரங்கமோ 6-ஐ நோக்கி, எதிரிக்கு எட்டாத பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. ஒருவர் விரிவடைய விரிவடைய எதிரியின் வாசலுக்குப் போகிறார், மற்றவர் விலகிப் போகிறார். படம் கச்சிதம், ஆட்டம் ஒருதலைப்பட்சம். ஸ்டார்கிராஃப்ட் மாதிரி கேம்களுக்கு மேப் வரைகிறவர்கள் இந்தப் பிரச்சினையோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் கணினியே தற்செயலாக உருவாக்கும் மேப்புகளிலும் இதையே பார்க்கலாம். எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில்தான் தங்கக் குவியல் கிடைக்கிறது. ஆனால் ஒருவருடையது அவர் ஊருக்குப் பின்னால், இன்னொருவருடையது எதிரி வரும் வழியில். அளவு ஒன்றாக இருந்தாலும், காவல் காக்க ஆகும் செலவு ஒன்றாக இல்லை.

## சின்ன வித்தியாசம் எப்படிப் பெரிதாகிறது

"ஒரே ஒரு நல்ல நிலம்தானே கூடுதலாக இருக்கிறது, அதனால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. இந்த இடத்தில்தான் உண்மையான இயக்கம் ஒளிந்திருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

2005-ல் வந்த சிவிலைசேஷன் 4-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் மேப் முழுக்கக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டம் என்பது நிலத்தின் மிகச் சிறிய அலகு, அது புல்வெளியாகவோ பாலைவனமாகவோ கடலாகவோ இருக்கலாம். நகரத்தில் உள்ள மக்கள் சுற்றியுள்ள கட்டங்களில் வேலை செய்து உணவு கொண்டுவருகிறார்கள், ஒவ்வொருவரும் 2 உணவைச் சாப்பிடுகிறார்கள், மிச்சம் சேர்கிறது. சாதாரண வேகத்தில் ஆடும்போது, மக்கள்தொகை 1 உள்ள நகரம் 2 ஆக வளர 22 உணவு சேர வேண்டும்.

வெறும் புல்வெளி மட்டும் உள்ள நகரத்தில் டர்னுக்கு 2 உணவு மிஞ்சும். வளர 11 டர்ன் ஆகும். பக்கத்திலேயே பயிரிட்ட மக்காச்சோள நிலம் உள்ள நகரத்தில் 5 மிஞ்சும், அது 5 டர்னில் வளர்ந்துவிடும். அடுத்த வளர்ச்சிக்கு 24 உணவு, அதற்கு இன்னொரு 5 டர்ன். அதாவது ஏழை நகரம் 2-ஐத் தொடுவதற்குள் பணக்கார நகரம் 3-ஐத் தொட்டிருக்கும். மூன்று பேர் வேலை செய்யும் நகரம் குடியேறிகளைச் சீக்கிரம் அனுப்பும், இரண்டாவது நகரம் சீக்கிரம் எழும், அந்த இரண்டாவது நகரமும் தன் பங்குக்கு வளரத் தொடங்கும், இப்படியே போய் நூறாவது டர்னில் ஒருவரிடம் எட்டு நகரமும் இன்னொருவரிடம் நான்கும் இருக்கும்போது, தொடக்கத்தில் ஒரே ஒரு சோள வயல்தான் வித்தியாசம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. முன்னிலையே மேலும் முன்னிலையைக் கொண்டுவரும் இதைப் பனிப்பந்து விளைவு என்கிறார்கள்.

அதனால்தான் சிவிலைசேஷன் 4, தற்செயல் மேப்பை உருவாக்கித் தொடக்க இடங்களைத் தேர்ந்தெடுத்த பிறகு, ஒவ்வொரு இடத்தையும் சுற்றிச் சின்னச் சின்னத் திருத்தம் செய்கிறது. மலைகளைக் குறைப்பது, ஆற்றைச் சேர்ப்பது, உணவு குறைவாக இருந்தால் ஏதாவது ஒன்றை வைப்பது. எடிட்டரில் கையால் வரையும்போது அந்த உதவியை எதிர்பார்க்க முடியாது. மொத்தமும் வரைகிறவர் பொறுப்பு. மேப்பின் மறுமூலையில் நூறு தங்கம் கிடப்பதைவிடத் தொடக்க இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சோள வயலுக்கு வலிமை அதிகம் என்பதை மறக்காமல் வரைய வேண்டும்.

இதுவரை பார்த்தது: சமநிலை என்பது ஜெயிக்கும் வாய்ப்பைப் பற்றியது, படத்தின் வடிவத்தைப் பற்றியது இல்லை. ஒரு வளம் எத்தனை என்பதோடு எங்கே இருக்கிறது, எந்த டர்னில் கைக்கு வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் தொடக்கத்தில் கிடைப்பதற்கு மதிப்பு பல மடங்கு.

## வழிகளும் இடுக்குகளும்

1957-ல் வெளிவந்த ரிஸ்க் என்ற பலகை விளையாட்டு உலக வரைபடத்தின் மேல்தான் நடக்கிறது. மொத்தம் 42 பகுதிகள், 6 கண்டங்கள். ஒரு கண்டம் முழுவதையும் பிடித்து வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் கூடுதல் படை கிடைக்கும். ஆசியாவுக்கு 7, ஆஸ்திரேலியாவுக்கு 2. எண்ணை மட்டும் பார்த்தால் ஆசியாவைத்தான் பிடிக்கத் தோன்றும். ஆனால் ஆசியாவில் 12 பகுதிகள், அவற்றில் 5 எல்லையில் இருப்பதால் ஐந்திலும் காவல் போட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 4 பகுதிகள்தான், உள்ளே வர ஒரே ஒரு வழி. அனுபவசாலிகள் ஆஸ்திரேலியாவுக்கு அடித்துக்கொள்வது இதனால்தான்.

பெரிய படை சிறிய இடைவெளியில் நெருக்கிக்கொண்டு வர வேண்டிய இடத்தை இடுக்கு என்று வைத்துக்கொள்வோம். கணவாய், பாலம், நீரிணை எல்லாம் இடுக்குகள்தான். உங்கள் மேப்பில் ஒவ்வொரு தொடக்க இடத்துக்கும் எத்தனை இடுக்கு வழிகள் என்று எண்ணுங்கள். ஒன்று இருப்பவருக்கும் ஐந்து இருப்பவருக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை எவ்வளவு தங்கம் கொட்டினாலும் ஈடுகட்டுவது கடினம்.

தூரத்தையும் கட்டங்களில் அளக்காதீர்கள். எதிரியின் படை உங்கள் ஊருக்கு வந்து சேர எத்தனை டர்ன் என்பதுதான் தூரம். காடும் மேடும் வேகத்தைக் குறைக்கும் கேமில் பத்துக் கட்டக் காடு இருபது கட்டச் சமவெளி அளவுக்குத் தூரமாகிவிடலாம்.

## நிஜ உலகத்தை வரையும்போது

எல்லோருக்கும் ஆசை இதில்தான். எனக்கும் மிகப் பிடித்த வகை இது. ஆனால் சிக்கல் அதிகமுள்ள வகையும் இதுவே, ஏனென்றால் பூமி யாருக்கும் சமமாகப் படைக்கப்படவில்லை.

முதலில் அளவைப் பார்ப்போம். சிவிலைசேஷன் 5-ன் மிகப் பெரிய மேப் 128 கட்டம் அகலமும் 80 கட்டம் உயரமும் கொண்டது. நிலநடுக்கோட்டில் பூமியின் சுற்றளவு 40,075 கி.மீ. துருவத்திலிருந்து துருவம் வரை முழு உலகத்தையும் அதில் அடக்கினால் நிலநடுக்கோட்டில் ஒரு கட்டம் சுமார் 313 கி.மீ. அகலம், 250 கி.மீ. உயரம். இந்தக் கணக்கில் ஆப்பிரிக்காவுக்குச் சுமார் 400 கட்டங்கள் கிடைக்கும். பிரிட்டன் தீவுக்கு நான்கைந்து. அந்த கேமில் ஒரே ஒரு நகரம் தன்னைச் சுற்றி 36 கட்டங்கள் வரை பயன்படுத்தும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஐரோப்பாவில் இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ரோம் என்று ஆறேழு நாகரிகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டாவது நகரத்துக்கே இடம் இல்லாமல் முட்டிக்கொள்வார்கள். தெற்கே ஒருவர் தனியாகக் கண்டம் முழுக்க விரிந்துகொண்டிருப்பார்.

அதனால் ஐரோப்பாவைப் பெரிதாக்குங்கள், தயங்கவே வேண்டாம். "அது நிஜமில்லையே" என்று சிலர் சொல்வார்கள். உருண்டையைத் தட்டையாக்கும் எந்த வரைபடமும் எதையாவது வளைத்துத்தான் ஆக வேண்டும். 1569-ல் மெர்கேட்டர் வரைந்த முறையில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு பெரியது. அவர் கடல் பயணிகளுக்காக வளைத்தார், நீங்கள் ஆட்டத்துக்காக வளைக்கிறீர்கள். ஆடுபவர் பார்த்ததும் "ஓ, இது இத்தாலி" என்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், அது போதும். சதுர கிலோமீட்டர் கணக்கை யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

நீரிணைகளிலும் இதே கதை. ஜிப்ரால்டரின் மிகக் குறுகிய இடம் சுமார் 14 கி.மீ., பாஸ்பரஸ் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 300 கி.மீ. கட்டத்தில் இவை காணாமல் போய்விடும், மத்தியதரைக் கடல் ஒரு ஏரியாகி அதில் கட்டிய கப்பல் எல்லாம் சிறைப்பட்டுவிடும். ஆகவே ஜிப்ரால்டரை ஒரு கட்டம் திறந்துவிடுங்கள். பனாமாவில் வேறு வழி இருக்கிறது: ஒரே ஒரு கட்டம் அகலத்துக்கு நிலத்தை விட்டுவைத்தால், அங்கே நகரம் கட்டுபவருக்கு அதுவே கால்வாய் ஆகும். சிவிலைசேஷன் வரிசையில் கப்பல் நகரத்துக்குள் புகுந்து மறுபக்கக் கடலுக்குப் போக முடியும். அப்படி ஒரு கட்டத்துக்காக இரண்டு பேர் போரிடுவதைப் பார்ப்பதே மேப் வரைந்தவருக்குக் கிடைக்கும் பெரிய சந்தோஷம்.

தனித்தீவில் தொடங்குபவர் கதி என்ன என்பதும் யோசிக்க வேண்டியது. அவருக்குப் படையெடுப்பு பயம் இல்லை, அதனால் அவருக்குத்தான் லாபம் என்று தோன்றும். ஆனால் தொழில்நுட்பங்களைப் பண்டமாற்று செய்துகொள்ளும் கேம்களில், உதாரணத்துக்கு சிவிலைசேஷன் 4-ல், யாரையும் சந்திக்காதவர் வேகமாகப் பின்தங்குவார். பாதுகாப்பு ஒரு கையில் வருகிறது, அறிவு மறு கையில் போகிறது. இப்படி ஒரு குறைக்கு எதிராக வேறு வகை நன்மையை வைத்துச் சரிக்கட்டுவதை ஈடு என்று சொல்லலாம். உலக மேப் வரைவது என்பது முக்கால்வாசி, ஒவ்வொரு இடத்துக்கும் சரியான ஈடு தேடும் வேலை.

சுருக்கமாகச் சொன்னால், நிஜ உலகம் அப்படியே மேப் ஆகாது. நெரிசலான இடத்தை விரிக்க வேண்டும், நீரிணைகளை மிகைப்படுத்த வேண்டும், ஒதுங்கிய இடங்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும். இதெல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

## சோதனை ஆட்டம்

ஒரு தடவை ஆடிப் பார்த்து, கேம் நின்றுபோகாமல் ஓடினால் சோதனை முடிந்தது என்று நினைப்பது இரண்டாவது பெரிய தவறான புரிதல். அதனால் தெரிவது மேப் திறக்கிறது என்பது மட்டும்தான். இன்னொரு விஷயம், வரைந்தவருக்கு எந்த மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முன்பே தெரியும். ஆடுபவருக்கோ முதல் டர்னில் தன்னைச் சுற்றி ஒரு சிறு வட்டம் மட்டுமே தெரிகிறது, மற்றதெல்லாம் இருட்டு. ஆகவே தான் வரைந்த மேப்பைத் தானே ஆடி அதன் சமநிலையை எடைபோட யாராலும் முடியாது.

முதலில் கணினியையே ஆட விடுங்கள். எல்லா இடங்களிலும் கணினி ஆட்டக்காரர்களை உட்கார வைத்து, மனிதத் தலையீடு இல்லாமல் ராத்திரி முழுக்க ஓடவிடலாம். ஃப்ரீசிவ் மாதிரி திறந்த மூல கேமில் இது நேரடியாகவே முடியும், வேறு சிலவற்றில் அதற்கு மோட், அதாவது கேமை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்பு, வேண்டியிருக்கும். 50, 100, 150-வது டர்ன்களில் சேமித்து வைத்து, ஒவ்வொருவரிடமும் எத்தனை நகரங்கள், யார் யாரை எப்போது சந்தித்தார்கள், யார் அழிந்தார்கள் என்று ஒரு அட்டவணையில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் உட்காருபவர் திரும்பத் திரும்ப இரண்டு நகரத்தோடு நின்றுபோகிறார் என்றால் அங்கே உணவோ இடமோ இல்லை. இந்த மாதிரி முரட்டுத்தனமான கோளாறுகளைக் கணினி நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் கணினி ஆட்டக்காரர்கள் பல கேம்களில் கடல் கடந்து படையெடுப்பதில் மந்தம், இடுக்கில் காத்திருந்து அடிக்கவும் அவ்வளவாகத் தெரியாது. அதனால் தீவு இடங்களைப் பற்றியும் இடுக்குகளைப் பற்றியும் கணினி சொல்லும் முடிவை நம்ப வேண்டாம்.

அதற்கு மனிதர்கள் வேண்டும். அவர்களை ஆட விட்டுப் பக்கத்தில் இருந்து கவனிக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். "அந்தப் பக்கம் போனா இரும்பு இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அந்தச் சோதனை வீண். அவர் இரும்பைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் அதுதான் உங்களுக்குத் தேவையான தகவல். அடுத்த ஆட்டத்தில் இடங்களை மாற்றி உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் இடம் நல்லதா, ஆள் கெட்டிக்காரரா என்று பிரித்தறிய முடியாது. ஆடி முடித்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் அவர்கள் சொல்லும் தீர்வை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "எனக்கு இன்னும் தங்கம் வேண்டும்" என்பவரின் சேமிப்பைத் திறந்து பார்த்தால், தங்கம் இருந்திருக்கும், அதைத் தோண்ட வழியில்லாமல் காடு மறித்திருக்கும்.

## எத்தனை ஆட்டம் போதும்?

இதில் ஏறக்குறைய எல்லோருமே அவசரப்படுகிறார்கள். இருவர் ஆடும் மேப்பில் பத்து ஆட்டம் ஆடி, வடக்கே இருப்பவர் ஏழில் ஜெயித்தால் "வடக்குதான் பலம்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவருக்கும் வாய்ப்பு சரிபாதி என்று வைத்துக்கொண்டாலும், பத்தில் ஏதோ ஒரு பக்கம் ஏழோ அதற்கு மேலோ ஜெயிப்பதற்கான சாத்தியம் சுமார் 34 சதவீதம். அதாவது முழுக்கச் சமமான மேப்பே மூன்றில் ஒரு தடவை உங்களுக்கு இப்படித் தோற்றமளிக்கும். அதே விகிதம் நூறு ஆட்டத்தில் வந்து 70 தடவை வடக்கு ஜெயித்தால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம்.

நூறு மனித ஆட்டம் யாராலும் ஆட முடியாதே என்றால், உண்மைதான். அதனால்தான் வெற்றி தோல்வியை மட்டும் எண்ணாமல் இடைநிலை அளவுகளைப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டாவது நகரம் எந்த டர்னில் எழுந்தது, முதல் சண்டை எப்போது வந்தது போன்ற எண்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் அவ்வளவு ஆடுவதில்லை. நாலைந்து ஆட்டத்திலேயே ஓர் இடம் எப்போதும் பத்து டர்ன் பின்தங்குவது தெரிந்துவிடும். யார் ஜெயித்தார்கள் என்ற ஒற்றைத் தகவலைவிட இது எவ்வளவோ மேல்.

## ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

கோளாறு தெரிந்ததும் எடிட்டரைத் திறந்து ஐந்தாறு இடங்களைத் திருத்தத் தோன்றும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மேப்புக்குப் புது எண் கொடுத்துத் தனியாகச் சேமியுங்கள், திரும்ப ஓடவிடுங்கள். இரண்டை மாற்றி நிலைமை சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாது, மோசமானால் எதைத் திரும்ப எடுப்பது என்றும் தெரியாது. பலமான இடத்தைக் குறைப்பதைவிடப் பலவீனமான இடத்தைத் தூக்கிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். வறண்ட மேப்பில் ஆட்டம் சமமாக இருக்கலாம், ஆனால் ஆட ஆசை வராது.

முதல் முயற்சிக்கு எட்டுப் பேர் ஆடும் உலக மேப்பை எடுக்காதீர்கள். மத்தியதரைக் கடலைச் சுற்றி மட்டும் நான்கு பேர் என்று தொடங்கினால், கணினி ஆட்டம் ஒரு ராத்திரியில் பல தடவை ஓடி முடியும், அட்டவணையும் ஒரே பக்கத்தில் அடங்கும். முழுக்கச் சமமான மேப் என்று ஒன்று வராது, அதற்காகக் காத்திருந்தால் எதையும் வெளியிட முடியாது. ஆடுபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருக்கும் வரை வேலை பாக்கி இருக்கிறது. ஒருவர் எகிப்து மோசம் என்கிறார், இன்னொருவர் எகிப்தில்தான் ஜெயித்தேன், கிரீஸ்தான் மோசம் என்கிறார் என்ற நிலை வந்ததும், எடிட்டரை மூடிவிட்டு மேப்பை வெளியிட்டுவிடலாம்.